இரண்டாவது வாளி

"சார், எனக்கு இன்னொரு வாளி வேணும்" என்றேன்.

திங்கட்கிழமைக் கூட்டம். நீள மேசையைச் சுற்றி, இயக்குநரைத் தவிர, பதினோரு பேர். பேனா மூடியைக் கழற்றப்போன இயக்குநரின் கை அப்படியே நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த சீல் அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். அலுவலக முத்திரைகள் எல்லாம் அவருடைய இழுப்பறையில் இருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். மிதியும் ஏறக்குறைய முத்திரை மாதிரிதான் விழுந்தது.

வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். லீவு கேள், தரமாட்டார்கள், ஆனாலும் கேட்கலாம். இடமாற்றம் கேள். ஆடாத நாற்காலி கேள். பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்றுகூடக் கேள், சிரிப்பார்கள், அவ்வளவுதான். இரண்டாவது வாளி மட்டும் கேட்காதே. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் கேட்டார். இப்போது அவர் மேட்டு ரோட்டில் பதித்த கற்களை எண்ணும் பணியில் இருக்கிறார். பெரிய லாரி ஏதாவது போனால் எண் மறந்துவிடுகிறதாம். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாராம்.

எங்கள் அலுவலகத்தின் பெயர் விரிகுடா நீர்ச்சுழற்சிக் கண்காணிப்புப் பிரிவு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு மாடி, ஒரு ஜீப், ஒரு வாளி.

ஒரு காலத்தில் எங்கள் விரிகுடாவுக்குள் கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை வற்றும். யாரும் உத்தரவு போடாமலே வரும், போகும். பிறகு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கல்லையும் மண்ணையும் கொட்டி, தண்ணீருக்குக் குறுக்கே அந்த மேட்டு ரோட்டைப் போட்டார்கள். சுற்றிப் போனால் நாற்பது நிமிடம், குறுக்கே போனால் எட்டு நிமிடம். மிச்சமான முப்பத்திரண்டு நிமிடத்தில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு எங்கள் கோப்பில் தகவல் இல்லை.

ரோடு போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. தண்ணீர் போய்வர அடியில் எட்டுப் பெரிய குழாய்கள் பதித்தார்கள். வேலை முடிகிறவரை மண் அடைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொரு குழாயின் வாய்க்கும் தற்காலிகமாக இரும்பு மூடி போட்டார்கள். வேலை முடிந்தது. ரிப்பன் வெட்டினார்கள். கைதட்டினார்கள். மூடியை எடுக்க மறந்துவிட்டார்கள். யாரோ ஞாபகப்படுத்தியபோது, "சும்மா எடுத்துவிட முடியுமா, எடுக்க வேண்டிய அவசியம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?" என்றார்கள். அதைப் பார்ப்பதற்காகத்தான் நாங்கள்.

விதி எளிது. ரோட்டின் இரண்டு பக்கத் தண்ணீருக்கும் வித்தியாசம் இருந்தால் மூடியைத் திறக்க வேண்டும். தொடர்ந்து மூன்று வருடம் வித்தியாசமே இல்லையென்றால் குழாயே தேவையில்லை என்று அர்த்தம். உள்ளே கான்கிரீட் ஊற்றி ஒரேயடியாக அடைத்துவிடலாம். அந்தத் திங்கட்கிழமை, மூன்று வருடம் முடிய இரண்டு மாதம் பாக்கி.

மூக்கு இருக்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியும். வெளிப் பக்கம் அலை அடிக்கிறது. உள் பக்கம் பச்சைப் பெயின்ட் டப்பாவைத் திறந்து வைத்த மாதிரி அசையாமல் கிடக்கிறது. வெயில் ஏற ஏற அழுகிய முட்டை நாற்றம். பாசி செத்து அடியில் போய் அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதனால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இதை நான் கல்லூரியில் படித்தேன். என் அம்மா படிக்காமலே தெரிந்துவைத்திருக்கிறாள். அவள் உள் பக்கத்துச் சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்குகிறவள். குனிந்து பார்ப்பதுகூட இல்லை, பாதத்தால் தடவியே எது கல், எது மட்டி என்று சொல்லிவிடுவாள். அந்த மட்டிதான் என்னைப் படிக்க வைத்தது. எங்கள் குடும்பத்தில் கடலைப் புத்தகத்தில் பார்த்த முதல் ஆள் நான். வாளியில் பார்த்த முதல் ஆளும் நான்தான்.

வாளிக்கு வருகிறேன்.

முதல் நாள் டிரைவர் அண்ணனோடு ஜீப்பில் மேட்டு ரோட்டின் நடுவுக்குப் போனேன். அண்ணன் கயிறு கட்டிய டப்பாவை வெளிப் பக்கம் இறக்கி, மொண்டு, வாளியில் பாதி ஊற்றினார். வாளியோடு ரோட்டைக் கடந்தார். உள் பக்கம் டப்பாவை இறக்கி, மொண்டு, அதே வாளியில் மீதிப் பாதியை ஊற்றினார். பிறகு ஒரு கட்டையை எடுத்து வலப்புறமாகப் பதினோரு சுற்று, இடப்புறமாகப் பதினோரு சுற்று கலக்கினார். அந்தத் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்து, ஒன்றில் 'உள்' என்றும் இன்னொன்றில் 'வெளி' என்றும் சீட்டு ஒட்டினார்.

"அண்ணா, ரெண்டையும் ஏன் கலக்குறீங்க?"

"சோதனைக்கு 'நன்கு கலந்த மாதிரி' எடுக்கணும்னு ரூல்ல போட்டிருக்கேம்மா."

"அது அந்தந்தப் பக்கத்துத் தண்ணிய, மேல இருக்கறதையும் கீழ இருக்கறதையும் கலக்கச் சொல்றதுண்ணா. ரெண்டு பக்கத்தையும் இல்ல."

"அப்படின்னா ரெண்டு வாளி வேணுமே" என்றார். சொன்னவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டின் இரண்டு கோடியையும் திரும்பிப் பார்த்தார்.

என் கைப்பையில் கல்லூரியில் வாங்கிய வெப்பமானியும் ஆக்சிஜன் பார்க்கும் சின்னக் கருவியும் இருந்தன. வெளிப் பக்கம் இருபத்தெட்டு. உள் பக்கம் முப்பத்துநாலு. பாட்டில்கள் இரண்டிலும் முப்பத்தொன்று. ஆக்சிஜன் வெளியே ஏழு, உள்ளே ஒன்று. பாட்டில்களில் நாலு, நாலு. தேர்ச்சி மதிப்பெண்ணும் நாலுதான். இப்படியே இரண்டு பாட்டிலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி மூன்று வருடமாகப் பாஸ் ஆகிக்கொண்டிருக்கின்றன. இரண்டு பக்கத் தண்ணீரும் நன்றாகக் கலக்கிறது என்று ஒவ்வொரு மாதமும் அறிக்கை போகிறது. அது பொய்யும் இல்லை. கலக்கத்தான் செய்கிறது. எங்கள் வாளியில்.

இதையெல்லாம் இரண்டு மாதம் தொண்டையில் வைத்திருந்துதான் அந்தத் திங்கட்கிழமை வாயைத் திறந்தேன்.

"இருக்கற வாளி ஓட்டையாம்மா?" என்றார் இயக்குநர், கனிவாக.

"இல்ல சார்."

"கைப்பிடி கழண்டுடுச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன குறை அதுக்கு?"

"வாளிக்கு ஒரு குறையும் இல்ல சார். ரெண்டு பக்கமும் ரெண்டு தண்ணியா இருக்கு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தால் உரை வரப்போகிறது என்று அர்த்தம். இரண்டு பேர் குறிப்பேட்டைத் திறந்தார்கள்.

"பாரும்மா. நீ சின்னப் பொண்ணு, ஆர்வம் இருக்கு. தப்பில்ல. ஆனா யோசி. ரெண்டு வாளின்னா ரெண்டு தண்ணி. ரெண்டு தண்ணின்னா நடுவுல என்னமோ இருக்குன்னு ஆகுது. நடுவுல என்ன இருக்கு?"

"ரோடு சார்."

"பாத்தியா! வாளியில ஆரம்பிச்சு ரோட்டுல வந்து நிக்கிற. இப்படித்தான் ஒவ்வொண்ணா ஆரம்பிக்கும். நாங்க இந்த ஆபீஸ எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டிக் காப்பாத்துறோம் தெரியுமா? வித்தியாசம் இருக்குன்னு வந்துட்டா மூடியத் திறந்துடுவாங்க. திறந்துட்டா கண்காணிக்க என்ன இருக்கு? அப்புறம் நாமெல்லாம் எங்க போறது? ஒரே விரிகுடா, ஒரே வாளி. அதுதான் நம்ம கொள்கை."

பத்துப் பேர் தலையாட்டினார்கள். ஒருவர் கைதட்டிவிட்டு, தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் கொசு அடித்த மாதிரி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் நான் கேட்டது கூட்டக் குறிப்பில் பதிவாகிவிட்டது. பதிவானால் படிவம் கொடுத்தாக வேண்டும். 'முதல் வாளியின் தற்போதைய நிலை: உடைந்தது, தொலைந்தது, திருடப்பட்டது. பொருந்தாதவற்றை அடிக்கவும்.' மூன்றையும் அடித்துவிட்டு 'நலம்' என்று எழுதினேன். படிவம் ஏற்கப்பட்டு, வாளித் தேவை மதிப்பீட்டுக் குழு அமைக்கப்பட்டது. குழு நேரில் வந்து வாளியைப் பார்வையிட்டது. ஒருவர் சுற்றளவு அளந்தார். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, 'பார்வையிட்ட நேரத்தில் வாளி காலியாக இருந்தது' என்று எழுதிக்கொண்டார். ஒருவர் அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

குழு யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் மட்டி பொறுக்கும் பெண்கள் ஆறு பேர் மாடி ஏறி வந்தார்கள். முன்னால் வந்தது அம்மா. இடுப்பில் கூடை. என்னைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேராக இயக்குநர் அறைக்குள் போய், கூடையை அவர் மேசைக் கண்ணாடி மேல் கவிழ்த்தாள். அத்தனையும் செத்த மட்டி. வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

இயக்குநர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆஹா, நல்லா வாயத் திறந்திருக்கே! ஆரோக்கியமா இருக்கு. தீனி எடுக்குது."

"கரைக்கு வந்தப்புறம் செத்ததுதான் சார் வாயத் திறக்கும்" என்றாள் அம்மா.

"அப்படியா? உயிரோட இருந்தா?"

"கம்முனு மூடிக்கிட்டு இருக்கும். இங்க இருக்கறவங்க மாதிரி."

அறை வாசலில் நின்றிருந்த பத்துப் பேரும் மூடிக்கொண்டார்கள். இயக்குநர் மட்டும் சிரித்தார். புரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார். "டேட்டாவா எழுதிக் குடுங்கம்மா, பாக்கலாம். காலால தடவிப் பாத்தேன்னு சொன்னா அத எந்தக் கட்டத்துல நிரப்புறது?" என்று எழுந்து நின்று கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

படியிறங்கும் முன் அம்மா என் மேசைக்கு அருகில் நின்றாள். புடவை முழங்கால் வரை சேறு.

"மேடம், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

என் அம்மா என்னை மேடம் என்கிறாள். இவள் பெண் நான் என்று தெரிந்தால் என் தற்காலிக வேலையை நிரந்தரமாக்க மாட்டார்கள் என்று அவளுக்குப் பயம். நான் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டு, "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று முழுவதும் எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போல் இருந்தது.

மட்டிகளைப் படம் எடுத்து ஆண்டறிக்கை அட்டையில் போட்டார்கள். 'வாய்விட்டுச் சிரிக்கும் மட்டிகள்: உள் விரிகுடாவின் உற்சாகம்.'

ஆறாவது வாரம் குழு தீர்ப்புச் சொன்னது. இரண்டாவது வாளி தர முடியாது. ஆனால் இளைய தலைமுறையின் கருத்தையும் மதிக்க வேண்டும் என்பதால், நடுவில் தடுப்பு வைத்த ஒரே வாளி. வடிவமைத்தவர் வெளியிலிருந்து வந்த ஆலோசகர். டை கட்டியவர். மாநாட்டு அறையில் வெள்ளைத் துணி போர்த்தி வைத்து, இயக்குநர் துணியை விலக்கினார். எல்லோரும் தட்டினார்கள், இந்தத் தடவை ஒன்றாக.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன்.

"சார், தடுப்புல ஓட்டை ஓட்டையா இருக்கே?"

"எட்டு" என்றார் ஆலோசகர், பெருமையாக.

"அப்போ ரெண்டு தண்ணியும் கலந்துடுமே?"

"கலக்கணும்மா! முதல்ல ஓட்டை இல்லாமத்தான் செஞ்சோம். சோதனைக்கு ஒரு வாரம் தண்ணி ஊத்தி மாடியில வெச்சோம். ஒரு பக்கம் பச்சைப் பசேல்னு பாசி பிடிச்சு ஒரே நாத்தம். தண்ணின்னா அதுக்குப் போக ஒரு வழி, வர ஒரு வழி வேணும். குறுக்கால அடைச்சா தேங்கும், தேங்குனா கெடும். சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியுமே இது."

"சயின்ஸ்" என்றார் இயக்குநர், என்னைப் பார்த்து.

"அந்த ஓட்டைக்கெல்லாம் மூடி போட்டுட்டா சார்?"

ஆலோசகர் நெஞ்சில் கை வைத்தார். "மூடியா? தண்ணி போற வழிய எவனாவது மூடுவானா? என்ன படிச்சீங்க நீங்க?"

நான் ஜன்னலைக் காட்டினேன். ஜன்னலுக்கு வெளியே மேட்டு ரோடு முழுசாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் நீலம், இந்தப் பக்கம் பச்சை. இருவரும் கிட்டே போய்ப் பார்த்தார்கள். ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். சொல்லப்போகிறார்கள், இப்போது சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"ரோடு அழகா இருக்கு இல்ல?" என்றார் இயக்குநர்.

"அருமை" என்றார் ஆலோசகர்.

அன்றைக்குத் தீர்ந்தது எனக்கும் அந்த அலுவலகத்துக்கும். ஆனால் நான் அன்று கிளம்பவில்லை. கான்கிரீட் ஊற்ற வேண்டும் என்றால் கடைசிச் சான்றிதழில் மாதிரி எடுத்தவர் கையெழுத்து வேண்டும். நான் முன்னாலேயே போய்விட்டால் டிரைவர் அண்ணனை மிரட்டிப் போட வைத்துவிடுவார்கள். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

மூன்று வருடம் முடிகிற நாள் வந்தது. குழாய்களை அடைக்கும் விழா பதினோரு மணிக்கு. அதற்கு முன்பே கான்கிரீட் லாரி வந்து அலுவலக வாசலில் நின்று, முதுகு டிரம்மைச் சுற்றிக்கொண்டிருந்தது. சான்றிதழ் இன்னும் எழுதவே இல்லை.

பத்து மணிக்கு அம்மா போன் செய்தாள்.

"அந்தக் கையெழுத்தப் போட்டுத் தொலைடி."

"அம்மா, அடைச்சுட்டா அப்புறம் ஒரு மட்டி மிஞ்சாது."

"மிஞ்சாட்டிப் போகட்டும். நாலு வீடு கூட்டிப் பெருக்கிப் பொழச்சுக்குவேன். நீ நாற்காலியில உக்காரணும்னுதான் நான் இத்தன வருஷம் சேத்துல நின்னேன். உனக்கு என்ன, அறிவு ஜாஸ்தியாயிடுச்சா?"

"மத்த அஞ்சு பேரு?"

"அவளுகளுக்குப் படிச்ச பொண்ணு இல்லையே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இயக்குநர் அறையில் மேசை மேல் இரண்டு தாள்கள். ஒன்று சான்றிதழ். இன்னொன்று என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு. இரண்டாவதின் மேல் அவர் கண்ணாடிக் குண்டு ஒன்றை வைத்திருந்தார்.

"இத நீ குடு, அத நான் குடுக்கறேன்" என்றார். "இங்க நேர்மைதாம்மா முக்கியம்."

சான்றிதழில் ஒன்பதாவது கட்டம்: 'மாதிரி எடுத்த முறை.' மூன்று வருடமாக மாத அறிக்கைகளில் அந்தக் கட்டத்தில் 'விதிப்படி' என்று மட்டுமே எழுதியிருக்கிறது. நான் எழுதினேன்: 'இரண்டு பக்கத் தண்ணீரையும் ஒரே வாளியில் ஊற்றி, இருபத்திரண்டு சுற்று கலக்கி, கலக்கிய தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்து, ஒன்றுக்கு உள் என்றும் மற்றதற்கு வெளி என்றும் பெயர் வைத்தோம். மூன்று வருடமாக இப்படியே. தனித்தனியாக எடுத்துப் பார்த்த அளவுகள் பின்பக்கம்.' முதல் நாளிலிருந்து நான் தனியாகக் குறித்துவைத்திருந்ததைப் பின்பக்கத்தில் தேதி வாரியாக எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். இயக்குநர் கையெழுத்தை மட்டும் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சீல் வெச்சுக் கொண்டு வா, வெச்சுக் கொண்டு வா."

சீல் அக்கா முத்திரையை மைத்தட்டில் அழுத்தி ஓங்கினார். ஓங்கிய கை ஒன்பதாவது கட்டத்துக்கு நேராக நின்றது. படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் படித்தார். என்னைப் பார்க்கவில்லை. தாளைத் திருப்பிப் போட்டு, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, ஒன்பதாவது கட்டத்தின் மேலேயே ஒன்று என்று மூன்று தடவை குத்தினார். கட்டடம் அதிர்ந்தது. பதிவேட்டில் எண் போட்டு, அவரே எடுத்துப்போய் மேசையில் வைத்தார்.

இயக்குநர் அப்போதுதான் படித்தார். காதிலிருந்து ஆரம்பித்து முகம் சிவந்தது.

"என்னம்மா இது! இதப் படிச்சுப் பாக்காமலா சீல் வெச்சீங்க?"

"படிச்சுட்டுத்தான் சார் வெச்சேன்" என்றார் அக்கா. "இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் படிச்சேன்."

"கிழிங்க அத!"

"நம்பர் போட்டாச்சு சார். கிழிக்கணும்னா ரத்துக் குழு போடணும். குழுவுக்கு ஆள் போட ஒரு தேர்வுக் குழு போடணும். போன தடவை எட்டு மாசம் ஆச்சு."

"அதுவரைக்கும் கான்கிரீட்டு?"

"இந்தச் சான்றிதழ வெச்சு ஊத்தச் சொன்னா அந்த உத்தரவுல கையெழுத்து உங்களுது சார்."

அவர் என் பக்கம் திரும்பி, கண்ணாடிக் குண்டைத் தூக்கினார். எறியப்போகிறாரோ என்று நினைத்தேன். அடியிலிருந்த உத்தரவை உருவி ஆட்டிக் காட்டினார்.

"இது உனக்கு வேணுமா, வேண்டாமா? வேலை போச்சுன்னா என்ன செய்வ? உன்ன டிஸ்மிஸ் பண்ண எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா?"

"ஒரு வருஷம் ஆகும் சார். குழு போடுவீங்க. அதுவரைக்கும் வெளிய யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு மெமோ குடுப்பீங்க. அதான் காலையிலேயே ராஜினாமாவ உங்க தபால் தட்டுல வெச்சுட்டேன். மேல இருந்து மூணாவது. இப்போ நான் பேசலாம்."

"யார்கிட்ட பேசுவ?"

"கேக்கற எல்லார்கிட்டயும்."

அவர் தட்டைக் கிளற ஆரம்பித்தார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன். சீல் அக்கா இழுப்பறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "படி பாத்து இறங்குடி" என்றார். அதுவரை அவர் என்னை டி போட்டுக் கூப்பிட்டதில்லை.

வாசலில் லாரிக்காரர் டிரம்மைப் பார்த்தபடி நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஊத்தலாமா? இன்னும் கொஞ்ச நேரம் போனா உள்ளேயே இறுகிடும்."

"இன்னைக்கு ஊத்த முடியாதுண்ணா. திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க."

"பின்ன எப்போ?"

"கமிட்டி போடுவாங்க. சொல்லி அனுப்புவாங்க."

அவர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். என்னை இல்லை, கமிட்டியை. உள் பக்கக் கரைக்குக் குறுக்குவழி அந்த லாரிக்குப் பின்னால்தான். தூரத்தில் ஆறு பெண்கள் முழங்கால் சேற்றில் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி இடுப்பில் கை வைத்து நான் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். திட்டு வாங்கப் போகிற இடத்துக்கு இவ்வளவு வேகமாக நான் நடந்ததே இல்லை.